தாங்கு எடை

எர்விட்டேயில், ப்ரோக்மான் வீட்டுக் கராஜுக்குள்
அது மடிந்து கிடந்தது,
சக்கரம் பூட்டிய பெரிய சூட்கேஸ் மாதிரி.
தொண்ணூற்று நாலாம் ஆண்டு. ஆயிரத்து நானூறு ஈரோ.
டூஃப் ஒக்டோபர் வரை.

கிழவர் கைப்பிடியைச் சுழற்றினார்.
நாற்பத்திரண்டு சுற்று, முப்பதாவதில் முனகும்,
பயப்பட வேண்டாம் என்றார்.
முப்பதாவதில் முனகியது.
கூரை எழும்ப, துணிச் சுவர்கள் நீள,
இரு பக்கமும் கட்டில்கள் இழுப்பறை போல வெளியே வர,
உள்ளிருந்து வந்தது
அந்துருண்டையும் வேறொரு குடும்பத்தின்
பதினேழு கோடைகளும் கலந்த வாசம்.

அலுமாரியில் துணிக் கவ்விகள், பாதித் தீப்பெட்டி,
அவர் மனைவி பென்சிலில் எழுதிய பட்டியல்:
முதலில் கை பிரேக். பிறகு கால்கள் நான்கும்.
ஏழாவது, ஹைன்ஸோடு பேசக் கூடாது,
எண்ணிக்கொண்டிருப்பார்.
அதையும் நீங்களே வைத்திருங்கள் என்றார் ஹைன்ஸ்.
அப்போது அவர் எதையும் எண்ணவில்லை.

முழு எடை தொள்ளாயிரம் கிலோ.
வீட்டுக்கு வந்து என் காரின் பத்திரத்தை விரித்தேன்.
இழுக்கும் எடை எழுத வேண்டிய கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு.
பூச்சியம்கூட இல்லை, கோடு.
பதினொரு வருடம் நான் ஓட்டிய கார்
என்னைத் தவிர யாரையும் சுமக்க ஒப்பவில்லை.

காசு கட்டிய பிறகுதான்
ஆண்கள் ஆலோசனையோடு வந்தார்கள்.
மாட்டுக்கு முதல் வண்டிலை வாங்கினவள் என்று
சிரித்தார் குகதாசன்.
ஏழு பேர் இருக்கும் டீசல் ஒன்று அவரிடம் விலைக்கு இருந்தது.
மூன்று லட்சம் கிலோமீட்டர், ஆனால் எல்லாம் ஆட்டோபான் ஓட்டமாம்.
இன்னொருவர் காட்டிய ஜீப் பெரிது, கறுப்பு;
கொக்கியின் பிளாஸ்டிக் மூடியை
ஒருவரும் ஒருநாளும் கழற்றியதில்லை.

நான் எடுத்தது யாட்விகாவின் ஸ்கோடா.
முதியோர் இல்லத்தில் என்னோடு இரவு வேலை செய்பவள்.
எட்டு வருடம் அவளுடைய குதிரையை இழுத்த கார்.
பின் இருக்கை இடுக்கில் இன்னும் வைக்கோல்.
கொக்கியின் உருண்டையைத் துடைத்து
வெர்னியரால் அளந்தோம்: நாற்பத்தொன்பதரை மில்லிமீட்டர்.
நாற்பத்தொன்பதுக்குக் கீழே போனால் குப்பை என்றாள்,
அரை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கு,
நமக்கும் அவ்வளவுதானே.

கொக்கியின் மேல் எழுபத்தைந்து கிலோதான் அழுத்தலாம்.
குளியலறைத் தராசைத் தூக்கி வந்து முற்றத்தில் வைத்தேன்,
மேலே ஒரு விறகுக் கட்டை,
அதன் மேல் வண்டியின் மூக்கு.
தினமும் காலையில் என்னைக் குறை சொல்லும் தராசு
தொண்ணூற்றொன்று என்றது.
முன்பெட்டியிலிருந்து கிரைண்டரை இறக்கினேன்.
எண்பத்து மூன்று.
ஆரணி ஒன்றும் சொல்லாமல்
அரிசி மூட்டையைப் பின்னால் தள்ளினாள்.
எழுபத்து நாலு.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவுக்குப் போனில் சொன்னேன்,
கோடைக்கு நாங்கள் முகாமுக்குப் போறம்.
சத்தமில்லை. பிறகு,
"காசு குடுத்தோ?"
சிரித்தாள், நானும்.
யார் முதலில் நிறுத்தியது தெரியாது.

ஞாயிறு, லிப்ஸ்டாட், மழை,
மரச்சாமான் கடையின் வெறும் பார்க்கிங்.
பின்னால் எடுக்கும்போது
வண்டி வலம் போக ஸ்டியரிங் இடம் போக வேண்டும்.
தலைக்கு விளங்கியது, கை கேட்கவில்லை.
மூன்று தடவை அது மடங்கித் திரும்பி
கண்ணாடி வழியே என் முகத்தைப் பார்த்தது.

வரமாட்டேன் என்று மே மாதம் முழுக்கச் சொன்ன ஆரணி
ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு
நனைந்தபடி பின்னால் போய் நின்றாள்.
கண்ணாடியில் அவளுடைய இரண்டு கைகள்,
எது வலது எது இடது, நான் யோசிக்கவில்லை,
கொஞ்சம்.
இன்னும் கொஞ்சம்.
நில்.